சூரியன் கருந்துளை ஆகாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கருந்துளை பற்றி ஒரு பக்கக் கட்டுரை. மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "ஒருநாள் நம் சூரியனும் கருந்துளையாகி பூமியை உறிஞ்சிக்கொள்ளும்." ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. அதையும் தடித்த எழுத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள்.

கருந்துளை ஆகும் யோக்கியதை சூரியனுக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு இதைப் போல ஏறத்தாழ 20 மடங்கு எடையோடு பிறந்திருக்க வேண்டும். நம்முடையது இன்னும் 500 கோடி ஆண்டு வாக்கில் எரிபொருள் தீர்ந்து, ஊதிப் பெருத்துச் சிவப்பு அரக்கனாகி, மேல்தோலை உதிர்த்துவிட்டு, பூமி அளவுள்ள ஒரு வெள்ளைக் குள்ளனாக ஆறிப்போகும். ஊதும்போது பூமியை விழுங்கினாலும் விழுங்கும். பயமுறுத்த அது போதாதா?

சரி, ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்று ராத்திரியே சூரியனை எடுத்துவிட்டு, அதே எடையுள்ள கருந்துளை ஒன்றை அந்த இடத்தில் வைத்தால், அதன் குறுக்களவு 6 கிலோமீட்டர்தான் இருக்கும். நமக்கு இருட்டு வரும், குளிர் வரும். பூமி மட்டும் அதே பாதையில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எடை மாறாதபோது இழுப்பு எப்படி மாறும்? கருந்துளை என்ன வேக்குவம் கிளீனரா? கிட்டே போனால்தான் வம்பு. பால்வெளியின் நடுவில் 40 லட்சம் சூரிய எடையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு; அப்படி 26,000 ஒளியாண்டு தள்ளி நாம் நம் பாட்டுக்கு இருக்கிறோம்.

அதே கட்டுரையில், இயற்பியலாளர் சந்திரசேகர் 1930-லேயே கணக்கிடத் தொடங்கிய 1.4 சூரிய எடை வரம்பைத் தாண்டினால் கருந்துளை என்கிறார் தங்கள் கட்டுரையாளர். தாண்டினால் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது, அவ்வளவுதான். நடுவில், வெள்ளைக் குள்ளனைவிட இறுகிப்போன நியூட்ரான் நட்சத்திரம் என்று ஒன்று இருக்கிறதே! 1054-ல் சீனர்கள் பட்டப்பகலில் பார்த்துக் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சமாக அப்படி ஒன்று, நண்டு நெபுலா என்கிற வாயு மேகத்துக்குள் நொடிக்கு 30 தடவை சுழன்றுகொண்டு கிடக்கிறது. அதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரே தாவில் தாண்டிவிட்டார்.

இது ஒன்றுக்காக நான் எழுத உட்காரவில்லை. 2020 தொடக்கத்தில் திருவாதிரை மங்கியபோது, "எந்த நேரமும் வெடிக்கலாம்" என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்த வாரம் முழுக்க என் அத்தை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் படுத்தார். அது துப்பிய வாயு ஆறித் தூசியாகி அதன் முகத்தையே மறைத்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. அந்தச் செய்தி தங்கள் இதழில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெடிக்கத்தான் போகிறது. ஆனால் அதன் 'விரைவில்' ஒரு லட்சம் ஆண்டு வரை நீளும். வெடித்தாலும், 500 ஒளியாண்டுக்கும் மேல் தள்ளி இருப்பது நம்மை என்ன செய்துவிடும்? பகலிலும் தெரியும் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் 'கோள் நெபுலா'. "கோள்கள் பிறக்கும் தொட்டில்" என்று படத்துக்கு அடியில் எழுதினீர்கள். 1780-களில் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் அவை கோளைப் போல வட்டமாகத் தெரிந்தன; பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது சாகும் நட்சத்திரம் உதறிய வாயு. சுடுகாட்டைக் காட்டிப் பிரசவ வார்டு என்றது போல இருக்கிறது.

மனசு மிகவும் நொந்தது இதிலெல்லாம் இல்லை. என்னிடம் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. தாங்கள் ஓரியன் நெபுலாவை முழுப்பக்க வண்ணப் படமாகப் போட்ட வாரம், பத்து வயதுப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். ஓரியன் என்கிற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றுக்கும் கீழே தொலைநோக்கியைத் திருப்பிக் காட்டினேன். கண்ணை வைத்தவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "அங்கிள், கண்ணாடியில மூச்சு விட்டுட்டேனா?" என்று கேட்டுச் சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கப் போனான். அந்தச் சாம்பல் மூட்டம்தான் நெபுலா என்றேன். தங்கள் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போலிச் சரக்கு விற்றவனைப் பார்க்கிற பார்வை!

மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது; கேமரா நேரம் கூட்டி ஒளியைச் சேர்க்கும். 1995-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பார்க்க அது நல்ல வழி, நான் பொய் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் சொல்கிறேன். அந்த மேகம் பஞ்சுப்பொதி மாதிரி கெட்டியாகத் தெரிவதும் அப்படித்தான். ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் பத்தாயிரம் அணு இருந்தாலே அங்கே அடர்த்தி. தங்கள் மேஜை மேல் இருக்கும் காற்றில் அதே இடத்தில் உள்ள மூலக்கூறுகளை எழுத, ஏறத்தாழ 2 போட்டு 19 சைபர் போட வேண்டும்.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. ஒன்றை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் "1,300 ஒளியாண்டு தூரத்தில்" என்று நான் எழுதியதை "1,300 ஒளியாண்டுகளுக்கு முன்" என்று திருத்திவிட்டீர்கள். ஒளியாண்டு தூரம், ஐயா. அந்தத் தப்பு என் பெயரில் அச்சானது.

கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை நெபுலா படம் போடும்போது, அடியில் பொடி எழுத்திலாவது "கண்ணுக்கு இந்த நிறம் தெரியாது" என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் பையன் தங்கள் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அடியில் நானே எழுதித் தருகிறேன் என்று பேனாவோடு போனேன். "பத்திரிகையில போட்டாங்கன்னா நம்புறேன்" என்று சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரன்

பி.கு.: இடமில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஒளியாண்டில் மட்டும் கை வைக்க வேண்டாம்.