செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், பறக்க இயலாத கிவிப் பறவை வாழும் நமது காட்டுப்பகுதியில் பொறி வைத்துவரும் இச்சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

குளிர்காலம் முழுவதும் பொறிகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன. இங்குக் கோடைகாலமான டிசம்பர் இறுதி தொடங்கிப் பிப்ரவரி வரை அதே பொறிகளில், கிவிக் குஞ்சுகளைக் கொன்று தின்னும் கீரி போன்ற சிறு விலங்குகளான ஸ்டோட்கள் அடுத்தடுத்து விழுந்தன. இவ்வளவு உழைத்தும் அவை பெருகிவிட்டனவே என்று உறுப்பினர்கள் சிலர் மனம் வருந்தியதை அறிவேன். ஆனால் விழுந்தவற்றில் பெரும்பாலானவை அவ்வாண்டு பிறந்த இளம் விலங்குகள். அவையும் உட்காட்டைவிட ஓடைக்கரையிலும் எல்லை வேலியோரத்திலும் இருந்த பொறிப்பெட்டிகளில்தான் அகப்பட்டன. ஆகவே அவை வெளியிலிருந்து வந்தவை என்றே செயற்குழு கருதுகிறது.

முயல்களை ஒழிப்பதற்கென்று 1880களில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஸ்டோட், வசந்தத்தில் குட்டி ஈன்று, கோடையில் அக்குட்டிகள் தாயைப் பிரிந்து இடம் தேடி அலையும் இயல்புடையது. தெற்குத் தீவின் எக்லிண்டன் பள்ளத்தாக்கில் அடையாளமிடப்பட்ட ஓர் இளம் பெண் ஸ்டோட் நான்கு வாரங்களில் 65 கி.மீ. கடந்தது பதிவாகியுள்ளது. கடலும் இதற்கு முழுத் தடையன்று. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவிலுள்ள காபிட்டித் தீவிலேயே 2010இல் ஸ்டோட் காணப்பட்டது. பெண் குட்டிகள் கண் திறக்கும் முன்னரே, வளையிலேயே, வந்துபோகும் ஆணால் கருவுற்றுவிடுகின்றன. அக்கரு அடுத்த வசந்தம் வரை வளராமல் தங்கியிருப்பதால், எல்லை தாண்டி வரும் ஒற்றைப் பெண்ணே ஒரு புதிய கூட்டத்துக்குப் போதுமானது. நாம் பிடித்து வெறுமையாக்கிய இடம்தான் இவற்றுக்கு எளிதில் கிடைக்கும் வாழிடமாகிறது என்பது கசப்பான உண்மை.

இதனால், பிடிபட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்து நம் பணியை அளப்பதை நான் ஏற்கவில்லை. தன்னைத் தற்காத்துக்கொள்ளும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு, எத்தனை கிவிக் குஞ்சுகள் வளர்கின்றன என்பதே சரியான அளவுகோல்.

வரும் ஆண்டில் உட்காட்டுப் பெட்டிகளில் ஒரு பகுதியை ஓடைக்கரைக்கும் மலைமுகட்டுக்கும் மாற்றி, நவம்பர் முடிவதற்குள் முட்டையும் முயல் இறைச்சியும் இரையாகப் புதிதாக வைத்து, கோடை முழுவதும் வாரந்தோறும் பார்வையிட வேண்டும். பக்கத்து நில உரிமையாளர்கள் தங்கள் பக்கத்திலும் பொறி வைக்க முன்வந்தால் ஒழிய இதுவும் அரைகுறையாகவே நிற்கும். அவர்களோடு பேசுவதற்கு ஒரு குழு அமைக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். உறுப்பினர்கள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே அளிப்பார்.

செயலாளர்