மலைமேல் இருக்கும் கோட்டைகளுக்கு ஒரு பாதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்காட்லாந்தின் லாக் ஆ ஏரிக்கரையில் உள்ள கில்சர்ன் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். டால்மாலி ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து, ஈரப் புல்வெளியில் நடந்தோம். ஏரிக்குள் நீண்ட நிலத்தில் கூரையில்லாத சுவர்கள், சுற்றிலும் மலைகள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்பல் குலத்தார் கட்டிய கோட்டை அது. 1817இல் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்த பிறகே கரையோடு சேர்ந்ததாம்.

முற்றத்தில்தான் என் கால் நின்றுவிட்டது. 1760இல் இடி விழுந்து பெயர்ந்த மூலைக் கோபுரம் ஒன்று அங்கே தலைகீழாகக் கிடக்கிறது. அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருக்கிறது. கல்லின் இடுக்குகளில் பாசி. பேரன் அதில் கை வைத்து, "தாத்தா, சில்லென்று இருக்கிறது" என்றான். 260 ஆண்டுகளாக அதை யாரும் உடைத்து அள்ளிப் போகவில்லை. ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் உட்கார்ந்து வரைந்துகொண்டேன்.

வரைந்துகொண்டிருக்கும்போதே "உங்கள் ஊரிலும் மலைமேல் கோட்டை இருக்கிறதா?" என்று பேரன் கேட்டான். இருக்கிறது. வேலூர் சைதாப்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றாலே கிழக்கு மலையில் மதில் தெரியும். 1677-78இல் சிவாஜியின் படை வேலூரை முற்றுகையிட்டபோது பேசப்பட்ட சாஜரா, கோஜரா என்ற மலைக்கோட்டைகள் அங்கேதான். கீழே அகழியையும் ஜலகண்டேஸ்வரரையும் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து அந்த மலையைப் பார்க்கிறார்கள்?

சிறுவயதில் அப்பாவோடு ஏறியிருக்கிறேன். ஊர் திரும்பியதும் மறுபடி ஏறிப் பார்த்தேன். வழியெல்லாம் வேலிக்காத்தான் முள். மதிலில் பெயின்டால் எழுதிய பெயர்கள். பாதியில் எதிர்ப்பட்ட இரண்டு கல்லூரி மாணவர்களுக்கு அந்தக் கோட்டையின் பெயரே தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பெயரைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லையே!

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. முள்ளை வெட்டி ஒற்றையடிப் பாதை ஒன்று போடட்டும். அடிவாரத்தில் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். சரிந்த கற்களைச் செப்பனிடுகிறோம் என்று இடம் மாற்றாமல், கிடக்கும் இடத்திலேயே விடட்டும். அந்தப் பலகைக்குப் படம் தேவையென்றால், மதிலையும் வாசலையும் நான் வரைந்து வைத்திருக்கும் படங்களை மனமுவந்து கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சைதாப்பேட்டை, வேலூர்.