பாலாற்று மண்ணுக்கு உறைமோர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலாற்றங்கரை மண்ணைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, தோல் கழிவு வருவது நின்றுவிட்டால் நிலம் தானே தேறிவிடும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு இடித்தது.

வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் காலையில் ஏரேஷன் தொட்டித் தண்ணீரை (காற்றூட்டி பாக்டீரியாவை வளர்க்கும் தொட்டி அது) ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வைப்போம். பழுப்புச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அன்றைக்கு நிம்மதி. ஒருமுறை படிவு அருமையாக இருந்தது, பிஓடியும் (நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு) கட்டுக்குள். அம்மோனியா மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. தொட்டியில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வகைகள் மட்டும் ஏதோ நச்சில் அடிபட்டுப் போயிருந்தன. அவை எப்போதுமே நூற்றில் சிலதான். பெருகுவதிலும் மந்தம், மற்றவை சில மணி நேரத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு ஒரு நாளாவது வேண்டும். கடைசியில் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் சேறு வாங்கி ஊற்றினோம், பாலுக்கு உறை ஊற்றுவதைப் போல. அப்படியும் சரியாகச் சில வாரம் பிடித்தது.

எண்ணிக்கையில் சிலவே பெரிய வேலையைச் செய்யும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரியில் 2008இல் அளந்து காட்டினார்கள். குரோமேசியம் ஒகேனி என்ற பாக்டீரியா அங்கே மொத்த செல்களில் 0.3 சதவீதம்தான் (உருவத்தில் மற்றவற்றைவிட மிகப் பெரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்). அந்த நீரில் உள்வாங்கப்பட்ட கார்பனில் சுமார் 70 சதவீதமும் அம்மோனியத்தில் 40 சதவீதமும் அதன் கணக்கு.

வேளாண் விரிவாக்க மையத்தில் தரும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரப் பொட்டலத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரே ஒரு வேலைக்காரன். வறண்ட மணலுக்குள் உறங்கிக் கிடந்து, 2021 நவம்பரில் வந்ததுபோல் ஆறு பெருகும்போது எழுந்திருக்கும் வகைகளை எந்தக் கடையில் வாங்குவது?

வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை வலியுறுத்தியது 1996இல். புல்லூரிலிருந்து வாணியம்பாடி வரை கழிவு எட்டாத கரைத்திட்டுகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. ஆற்றின் கீழ்ப்பக்கம் கெட்டுப்போன நிலத்துக்கு உறைமோர் அந்தத் திட்டுகளின் மண்தான். அந்தத் திட்டுகளில் ராத்திரியோடு ராத்திரியாக மணல் அள்ளுகிறார்கள். உங்கள் நிருபர் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
ஆம்பூர்.