பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதே, பாப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் ஹோண்டா காருக்குக் கியர் பொட்டி ஆயில் மாற்றப் போய், பிளக் கழறவில்லை என்று நீ தம்பிக்கு அனுப்பிய போட்டோவை அவன் நேற்று ராத்திரி என்னிடம் காட்டினான். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சேர்த்து எழுதியிருந்தாயாம். அவனைத் திட்டாதே. அவன் ஓசூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவன், கியர் பொட்டி பிளக்கைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? சங்ககிரியில் பாதி ஆயுளை லாரிக்கு அடியில் கழித்தவன் நான் இங்கே இருக்கும்போது அவனிடம் போய்க் கேட்டிருக்கிறாய். சரி, அது இருக்கட்டும்.

போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். அந்தத் துருவைப் பார்த்தால் அந்தப் பிளக் இரண்டையும் யாரும் தொட்டே பல வருஷம் ஆகியிருக்கும். அபர்தீனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், கடல் காற்று வேறு. நம் பக்கம் 20 வருஷ லாரியில்கூட அடிப்பாகம் இப்படி அரித்துப் பார்த்ததில்லை. இன்னொன்றும் பார்த்தேன். வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எடுத்தது மாதிரி. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் டார்ச்சை அவர் பிடித்திருப்பார். தனியாகவா படுத்திருந்தாய்?

முதல் விஷயம் இதுதான், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. வண்டிக்கு அடியில் போகும்போது வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியவுடன் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அதன்மேல் உட்கார வைத்து, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றின சக்கரம் இருந்தால் அதையும் அடியில் தள்ளி வை. புல் தரை, சரளைக்கல் தரை வேண்டவே வேண்டாம், கான்கிரீட் தரையில்தான் வேலை. பெரியப்பாவுக்கு ஆனது உனக்குத் தெரியும், நான் திரும்ப எழுதவில்லை.

இப்போது பிளக்குக்கு வருகிறேன். பொட்டியின் அடியில் இருப்பது ஆயில் இறக்கும் பிளக். பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஆயில் ஊற்றும் பிளக். முதலில் மேல் பிளக்கைக் கழற்று. அது கையில் வந்த பிறகுதான் கீழ்ப் பிளக்கைத் தொட வேண்டும். கீழே திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேலே வரவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும், புது ஆயில் ஊற்ற வழியே இல்லை. மேல் பிளக் வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது, ஓட்டிக்கொண்டு ஏதாவது பட்டறைக்குப் போகலாம். மேல் பிளக் முதலில், கீழ்ப் பிளக் அப்புறம். ஒரு பேப்பரில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவை.

நீ பிளக்கில் துரு இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை அடித்து அடித்துப் பார்த்ததாகத் தம்பி சொன்னான். அடிக்கலாம், ராத்திரி முழுக்க ஊறவும் விடலாம், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதே. மரை உள்ளே ஆயிலில்தான் இருக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வாஷரும் பிளக்கின் தலையும் உட்காரும் இடம்தான். முன்னால் யாரோ அளவுக்கு மேல் இறுக்கியும் இருப்பார்கள். அதனால் முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய். கீழ்ப் பிளக்கில் 3/8 அங்குலச் சதுர ஓட்டை இருக்கும், போட்டோவில் அது முழுக்க மண்ணும் துருவும் அடைத்துக் கிடக்கிறது. ஒரு கூரான ஆணியை எடுத்து மூலை மூலையாகக் குத்திச் சுரண்டு, அடி தெரிகிற வரைக்கும். அந்த ஓட்டையில் மாட்டித் திருகுகிற சதுர முனைக் கம்பி முழு ஆழத்துக்கும் இறங்க வேண்டும். பாதி இறங்கின கம்பியை வைத்துத் திருகினால் ஓட்டை வட்டமாகிப் போகும், அப்புறம் பாடுதான்.

மேல் பிளக்கின் தலை 17 எம்எம். அதற்கு ஆறு முனை சாக்கெட் போடு, பன்னிரண்டு முனை வேண்டாம், அது மூலையைத்தான் கடிக்கும், சீக்கிரம் மழுங்கிவிடும். ராட்செட்டை வைத்தும் மல்லுக்கட்டாதே, உள்ளே இருக்கிற பல் போய்விடும். பல் இல்லாத நீளக் கைப்பிடி, பிரேக்கர் பார் என்பார்கள், அதை வாங்கிக்கொள். சாக்கெட்டை மாட்டி அதன் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டு, அதிர்ச்சியில் வாஷர் விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஒரு துளி இறுக்கிப் பார், உடனே தளர்த்து. படுத்துக்கொண்டு பார்க்கும்போது எது இடம் எது வலம் என்று குழம்பிவிடும், பிளக்கின் தலைக்கு நேரே முகத்தை வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பு. கம்பியை உன் பக்கம் இழு, தள்ளாதே, தள்ளினால் திடீரென்று விடும்போது விரல் முட்டி போய் இரும்பில் இடிக்கும். பிளக் விடும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், கேட்டாலே மனசு நிறையும். சத்தமே இல்லாமல் கம்பி வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் உடனே நிறுத்து, அது கழறவில்லை, மழுங்குகிறது.

அவ்வளவுக்கும் வரவில்லை என்றால் சூடு காட்டலாம். பொட்டி அலுமினியம், பிளக் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிளக்கைச் சுற்றி இருக்கிற பொட்டியைச் சூடாக்கினால் மரை கொஞ்சம் இடம் விடும். ஹீட் கன் போதும். தீ வேண்டாம், ஆயில் இருக்கிற இடம், ரப்பர் சீலும் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டறையில் நாங்கள் கேஸ் வைத்துக் காட்டுவோம், நீ அதைப் பார்த்திருக்கிறாய், அதைச் செய்யாதே. பெரிய பைப்பை மாட்டித் தொங்கவும் செய்யாதே, அலுமினியப் பொட்டி விரிசல் விட்டால் பிளக் விலையில் முடியாது.

தலை மழுங்கிவிட்டால் ஒரு அளவு சின்ன சாக்கெட்டை அடித்து இறக்கிப் பார்க்கலாம், இல்லை மழுங்கின நட்டைக் கடித்துப் பிடிக்கிற எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கடையில் கிடைக்கும். அதற்கும் வரவில்லை என்றால் மேலே ஒரு நட்டு வைத்து வெல்டிங் செய்துதான் எடுக்க வேண்டும், அது உன் வேலை இல்லை, பட்டறைக்காரன் வேலை. கீழ்ப் பிளக் மட்டும் வரவில்லை என்றால் மேல் ஓட்டையில் குழாய் விட்டுப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். முழுக்க வராது, வந்த வரைக்கும் லாபம்.

இதையெல்லாம் ஒருத்தி படுத்துக்கொண்டு செய்ய முடியும், நீ செய்வாய், எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கையை நீட்டினால் கேட்காமலே சரியான பானாவை எடுத்து வைத்த பிள்ளை நீ. 14-க்கும் 15-க்கும் வித்தியாசம் தெரியாமல் பட்டறைப் பையன்கள் தடுமாறுவார்கள், நீ தடுமாற மாட்டாய். இன்றைக்கும் வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், என் மக ஸ்காட்லாந்தில் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறாள் என்று. ஆனால் முன்னே எல்லாம் வண்டி விஷயம் மாப்பிள்ளைதானே பார்ப்பார், கராஜில் விட்டு எடுத்து வருவது அவர்தானே. கராஜில் கேட்ட காசு கட்டுப்படி ஆகவில்லை என்று தம்பிக்கு எழுதியிருக்கிறாய். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீடு. நான் ஒன்றும் கேட்கவில்லை. போன் பண்ணும்போதெல்லாம் நைட் ஷிப்ட், தூங்குகிறார் என்கிறாய், தீபாவளிக்கு அப்புறம் அவர் குரலை நான் கேட்கவே இல்லை. உங்கம்மா, தோண்டித் துருவாதீர்கள், அவளாகச் சொல்வாள் என்கிறாள். அமுச்சிக்கு உடம்பு பரவாயில்லை, தோட்டத்தில் கிணறு கொஞ்சம் ஊறியிருக்கிறது.

ஆயில் விஷயத்தில் ஒன்று. நாம் லாரிக்கு ஊற்றுகிற 90 ஆயிலை நினைத்துக்கொண்டு கடையில் கிடைத்ததை வாங்கிவிடாதே. ஹோண்டாவுக்கு அவர்களுடைய கியர் பொட்டி ஆயிலே, எம்டிஎஃப் என்று, இருக்கிறது, அதையே வாங்கு, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும், இரண்டு லிட்டர் வாங்கி வைத்துக்கொள். ஜிஎல்-5 என்று போட்டிருக்கிற கெட்டி ஆயில் லாரியின் பின் அச்சில் இருக்கிற கிரௌன் பல்சக்கரத்துக்கானது. அதில் இருக்கிற கந்தக மருந்து, கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்கிற சிங்க்ரோ ரிங்கின் பித்தளைக்கு ஆகாது, வழுக்கலும் அதிகம், கியர் விழும்போது கரகரவென்று இழுக்கும். இறக்குவதற்கு முன்னால் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வா, ஆயில் சூடாக இருந்தால் அடி மண்டியோடு வரும். ஊற்றும்போது நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், முன்பக்கம் மட்டும் தூக்கி நிறுத்தினால் அளவு தப்பும். மேல் ஓட்டையிலிருந்து வழிய ஆரம்பித்தால் போதும், நிறுத்திவிடு.

பிளக் இரண்டுக்கும் புது வாஷர் போடு, பழையதைத் திருப்பிப் போடுகிற கஞ்சத்தனம் வேண்டாம். கீழ்ப் பிளக்கை 39 நியூட்டன் மீட்டர், மேல் பிளக்கை 44, இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கு. அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம், அடுத்த முறையும் கழற்றப் போகிறவள் நீதான். கீழ்ப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும், அது தேய்மானம், சகஜம். விரலில் தேய்த்துப் பார், நெறுநெறு என்று துண்டு தட்டினால், பல் உடைந்த சில்லு இருந்தால், எனக்குப் போட்டோ அனுப்பு. எனக்கு, தம்பிக்கு இல்லை. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே, உங்கள் ஊர்க் கவுன்சிலின் குப்பை மையத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை செய்யப் போகிறாய் என்று தம்பி சொன்னான். உங்களுக்குக் காலை 10 மணி என்றால் இங்கே மதியம் 2:30, நான் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். போனை வண்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து வீடியோ போடு. ஆனால் போனில் நான் இருப்பது ஆள் இருப்பது ஆகாது, ஜாக்கி நழுவினால் சங்ககிரியிலிருந்து நான் ஓடி வர முடியாது. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவர் நிற்கட்டும், தூக்கம் கெட்டால் பரவாயில்லை. அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு. அப்படியும் யாரும் இல்லையென்றால் சனிக்கிழமை வேலை வேண்டாம், பழைய ஆயிலிலேயே வண்டி இன்னும் கொஞ்ச நாள் ஓடும். கூட யாரும் இல்லை என்றால் அதையும் அப்பாவிடம் சொல்லு கண்ணு, பிளக்கைக் கேட்டது மாதிரி தம்பி வழியாக வேண்டாம், என்னிடமே சொல்லு.

பாஸ்போர்ட்டைப் போன மாதம் புதுப்பித்துவிட்டேன். உனக்குக் காசு தேவைப்பட்டால் அக்கவுண்ட் நம்பரை அனுப்பு, அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. வாஷர் வாங்கினதும் அளவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடு, சரியானதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா