ஜெலியில் போடும் சிவப்பு எது என்று சொல்வீர்களா, மாட்டீர்களா?

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் ஸ்ட்ரோபெரி ஜெலியில் சேர்க்கும் நிறம் எது என்று கேட்டுக் கேட்டே களைத்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் அது.

அந்த ஜெலியைச் சாப்பிட்ட இரவே மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கத் தொடங்கியது. கலர் சேர்த்த சாப்பாடு ஏதும் கொடுத்தீர்களா என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். பக்கெட்டை எடுத்துப் பார்த்தால், சேர்மானங்கள் அச்சடித்த இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். கடைசி வரி ஸ்டிக்கரோடு உரிந்து வந்துவிட்டது. மிஞ்சியது 'அனுமதிக்கப்பட்ட நிற' என்பது மட்டும். ஜெலிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிறத்தின் பெயர் தெரிந்தால்தானே டொக்டரால் எதையும் சொல்ல முடியும்?

உங்கள் ஹொட்லைனில் தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால் சிங்களத்தில்தான் கதைக்கிறார்கள். தமிழ் தெரிந்த மிஸ் லீவாம். ஈமெயிலுக்கு வந்தது 'உங்கள் முறைப்பாடு கிடைத்தது' என்ற ஒரு வரி. அப்புறம், பக்கெட்டோடு நேரில் வரச் சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டு, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.

அங்கே என்னைச் சந்தித்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பு நிறத்தைக் கலிபோர்னியா 2023இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது, அமெரிக்க அரசும் 2025 ஜனவரியில் அதற்கான அனுமதியை எடுத்துவிட்டது, கலிபோர்னியாப் பாடசாலைகளில் இன்னும் ஆறு நிறங்களுக்கு 2027 முடிவிலிருந்து தடை என்று எடுத்துச் சொன்னேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அமெரிக்காவுல தடைன்னா அங்க போய் வாங்குங்க மிஸ்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்கு வருத்தம் என்று வந்த தாயிடம் பேசுகிற பேச்சா இது? அன்றிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை. இந்த மாதமே நாசமாய்ப் போய்விட்டது.

செயற்கை நிறத்துக்குப் பதிலாகப் பீட்ரூட் நிறம் போட்டால் மங்கும், விலையும் கூடும் என்றும் அவரே சொன்னார். மங்கட்டுமே! ஜெலி பளபளவென்று சிவந்தால்தான் பிள்ளைகள் சாப்பிடுவார்களா?

இதையும் பாருங்கள். லண்டனில் இருக்கும் தம்பி, அங்குள்ள தமிழ்க் கடையில் இதே ஜெலியை வாங்கிப் படம் அனுப்பியிருக்கிறான். அதில் ஈ129 என்று, அதாவது அலூரா ரெட் என்ற செயற்கைச் சிவப்பின் இலக்கம், தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஐரோப்பாவில் 2010இலிருந்து அப்படிப் போடவேண்டும் என்பது சட்டம், பிரித்தானியாவிலும் அது தொடர்கிறது. அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரியும். லண்டன் பிள்ளைக்கு எழுதுவதைக் கொழும்புப் பிள்ளைக்கு ஏன் மறைக்கிறீர்கள்? இங்கே விற்பதும் ஈ129தானா, வேறு ஏதுமா?

தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள். சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, சிறுவயதிலிருந்தே உங்கள் பொருட்களை வாங்குகிறவள் நான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பக்கெட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுப்பேன். இந்த நிறங்களை இங்கேயும் சட்டத்தால் தடை செய்யச் சொல்லி, இரண்டு பக்கெட்டின் படங்களோடும் சுகாதார அமைச்சுக்கு எழுதுவேன். சும்மா மிரட்டுவதாக நினைக்கவேண்டாம்.

தொலைபேசியில் எடுப்பதானால், அன்று சந்தித்தவர் வேண்டாம். தமிழில் மரியாதையாகக் கதைக்கக்கூடிய ஒருவரைக் கொண்டு எடுப்பியுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்