எந்த வரியில நைனா?

குடியாத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுவுக்கு, நைனா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். புனேயில் நீ, மாப்பிள்ளை, பாப்பா எல்லோரும் நலம்தானே.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான்கு நாளாகப் போனில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துவிட்டு, "பாப்பா சாப்பிட்டாளா" என்று முடிந்துவிடுகிறது. எழுதினால்தான் இது வெளியே வரும்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒத்திகையை வீடியோ அனுப்பியிருந்தாய். நீ அனுப்பியதை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். அன்று ராத்திரி போனில் நீ ஒன்று சொன்னாய். "டீச்சர் இவளை மட்டும் சத்தம் கொறைச்சுப் பாடச் சொல்லியிருக்காங்க நைனா. என்னை மாதிரிதானே, பாட்டு வராது." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்குப் பாட்டு வராது என்று யார் சொன்னது கண்ணு? யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்பதும் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பிறந்தது 1989-ல். திருவண்ணாமலைப் பக்கத்தைத் தனியாகப் பிரித்து நம் வட ஆற்காட்டை இரண்டு மாவட்டமாக ஆக்கிய வருஷம். அப்போது நம் வீட்டுக் குழித்தறியில் ஓய்வில்லாமல் லுங்கி ஓடியது. நீ தவழ்ந்ததெல்லாம் தறிக் குழி ஓரத்தில்தான். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய்வரும் சத்தத்துக்குத் தூங்குவாய், தறி நின்றால் எழுந்து அழுவாய். அம்மா நாடாவுக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டே, "கொஞ்சம் ஓட்டுங்க, தூங்கட்டும்" என்பாள்.

தறிக்காரன் காது வேறு மாதிரி பழகிய காது. நம் தெருவில் அப்போது பதினோரு தறி. உள்ளே உட்கார்ந்தபடியே எந்த வீட்டுத் தறி நின்றது, யாருக்குப் பாவில் இழை அறுந்தது என்று சொல்லிவிடுவேன். பத்துத் தறி ஓடும்போது ஒன்று தடுமாறினால் அந்த ஒன்றுதான் காதில் விழும். அதனால் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடினாலும் உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். எல்.கே.ஜி.யிலும் யு.கே.ஜி.யிலும் கேட்டது. ஒன்றாம் வகுப்பில் கேட்டது. உன் குரல் மற்றப் பெண்பிள்ளைகள் மாதிரி மெல்லிசாக இருக்காது. கொஞ்சம் கனம். வரியின் கடைசிச் சொல்லை எல்லோரும் விட்ட பிறகு நீ விடுவாய். அது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இரண்டாம் வகுப்பு ஆண்டு விழா, 1997 மார்ச். உனக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிகிறது.

ஐந்து மணிக்கு என்றார்கள். சின்னப் பிள்ளைகளை மூன்று மணிக்கே வரச் சொல்லி, முகத்துக்குப் பவுடரும் உதட்டுச் சாயமும் போட்டு மேடைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மேடையில் பேச்சு முடியவே இல்லை. காமராஜர் 1954-ல் முதலமைச்சரான பிறகு இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது நம் குடியாத்தத்தில்தான். அதைச் சொல்லாமல் நம் ஊரில் யாரும் மேடைப் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள். கேட்க எனக்கும் பெருமைதான். ஆனால் ஆறேழு வயசுப் பிள்ளை தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்கள் நான்கு பேர் பேசக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் பாட்டை முதலில் வைத்துவிட வேண்டும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்வேன்.

எட்டு மணிக்கு உங்கள் வகுப்பு மேடை ஏறியது. நீ இரண்டாவது வரிசையில் வலது ஓரம். மஞ்சள் பாவாடை, அதற்கு அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜரிகை ஒட்டியிருந்தாள். ஆர்மோனியம் ஆரம்பித்தது. பிள்ளைகள் பாடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உன் குரலைத் தேடினேன்.

இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். உன் உதடு அசைந்தது. ஆனால் பாட்டுக்குக் கொஞ்சம் பின்னால் அசைந்தது, பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்து. பாடினால் உனக்குக் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பும், அது எழும்பவில்லை. கை இரண்டும் பாவாடையைக் கசக்கிப் பிடித்திருந்தன. மற்றப் பிள்ளைகள் கைகளை விரித்துப் பூ காட்டியபோதும் நீ பாவாடையை விடவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் உன் குரல் வரவே இல்லை. தெருவில் ஒரு தறி நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வரும்போது சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தாய். எதாவது சொல்ல வேண்டுமே என்று, "உன் குரல் கணீர்னு கேட்டுச்சு கண்ணு" என்றேன். நீ பேசவில்லை. ஆற்றுப் பாலம் ஏறும்போது திரும்பாமலே கேட்டாய்:

"எந்த வரியில நைனா?"

நான், "எல்லா வரியிலயும்தான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். வீடு வருகிற வரைக்கும் நிமிரவில்லை.

ராத்திரி அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாயாம். உன் குரல் மட்டும் சேராமல் தனியாகக் கேட்கிறது, சத்தம் வராமல் வாயை மட்டும் அசை என்று ஒத்திகையில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு வாரமாக அப்படியே அசைத்திருக்கிறாய். ஏழு வயசுப் பிள்ளை இரண்டு வாரம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் கேட்டுவிடுவது என்று கிளம்பிப் போனேன். கேட் வரைக்கும் போனேன். இரண்டு மாத ஃபீஸ் கட்டவில்லை. நூல் விலை ஏறி, கூலி நின்றுபோயிருந்த நேரம் அது. ஃபீஸ் கட்டாதவன் எந்த முகத்தோடு பாட்டைப் பற்றிக் கேட்பது என்று அங்கேயே நின்றேன். மணி அடித்தது. திரும்பி வந்துவிட்டேன். அம்மா கேட்டதற்கு, "டீச்சர் லீவு" என்றேன். அந்த வாரத்தில் அது இரண்டாவது பொய்.

கண்ணு, நீ கேட்டபோது "கேக்கல, ஏன் பாடல" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நீ என் வாயிலிருந்து அதைத்தான் எதிர்பார்த்தாய். நான் சொல்லியிருந்தால் அங்கேயே பாலத்தில் அழுது தீர்த்திருப்பாய். நைனாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அப்படியானால் நான் பாடினாலும் ஒன்று பாடாவிட்டாலும் ஒன்று என்று நினைத்திருப்பாயோ என்று இருபத்தெட்டு வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

அடுத்த ஜூனில் உன்னை நகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். ஃபீஸ்தான் காரணம். அங்கே பாட்டு வாத்தியார் என்று யாரும் கிடையாது. தமிழ் ஐயாதான் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வள்ளிமலைப் பக்கம். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1950-லேயே சமாதி ஆகிவிட்டார். ஐயா அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வழியில் வந்த பஜனையில் சின்ன வயசிலிருந்து உட்கார்ந்து பாடியவர். "பஜனையில குரல் இருக்குதா இல்லையான்னு பார்த்து யாரையும் வெளியே அனுப்ப மாட்டாங்க" என்று அடிக்கடி சொல்வார்.

குழந்தைகள் தினத்துக்கு ஒரு வாரம் முன்னால் உன்னைக் கூப்பிட வந்தேன். நீங்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தீர்கள். ஐயா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ முதல்ல பாடு, நான் உன்கிட்ட வரேன்" என்றார். நீ வாயை அசைத்தாய், சத்தம் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. மடியில் சின்ன ஆர்மோனியம், துருத்தியை மட்டும் மெதுவாக அசைத்துக்கொண்டு காத்திருந்தார். வெகு நேரம் கழித்து நீ ஒரு சொல் பாடினாய். உடனே அவர் விரல் கட்டைகளில் உன் குரலைத் தேடியது. ஒன்றை அமுக்கி, இல்லை என்று விட்டு, அடுத்ததை அமுக்கி, இரண்டு கட்டை கீழே இறங்கி உன்னைப் பிடித்தது. உன் முகம் மாறியதை நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன் குரலும் பெட்டியின் குரலும் ஒன்றாகக் கேட்டதும் நீ பயந்து நிறுத்தினாய். பிறகு மறுபடியும் பாடினாய்.

ஐயா என்னைப் பார்த்துவிட்டார். "பிள்ளைக்குக் காது நல்லாத்தான் இருக்குது. சுருதிய ஒசரத்துல வெச்சுட்டாங்க. ஏணியில முதல் படியே இடுப்பு ஒசரத்துல இருந்தா சின்னப் பிள்ளை எப்படி ஏறும்?" என்றார். குழந்தைகளுக்குக் குரல் நாண் சின்னது, அதனால் குரல் மெல்லிசாக மேலே போகும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உயரம் இருக்காது, தன் குரல் எங்கே இருக்கிறது என்று பிள்ளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பாடிப் பாடித்தான் மற்றவர்களோடு சேரும் என்று விளக்கினார். தறிக்கும் அப்படித்தானே. மிதிகட்டை காலுக்கு எட்டாமல் இருந்தால் கட்டையைத்தான் மாற்றிக் கட்டுவோம்.

நவம்பர் 14 அன்று உங்கள் பாட்டு முதலிலேயே வந்தது. மைக் பெரியவர்கள் உயரத்துக்கு நின்றது. இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் கீழே நின்றுகொண்டு பாடினீர்கள். பின்னால் நின்ற எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் ஷாமியானாக் கயிற்றைத் தாண்டித் தாண்டி முன்னால் வந்து, பிள்ளைகளோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. இப்போது அதை 55 விநாடியில் பாட வேண்டும் என்று 2021-ல் அரசாணை வந்திருக்கிறது. நீங்கள் அன்று அதைவிட வெகு நேரம் இழுத்தீர்கள். இழுத்த ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உன் குரல் இருந்தது. அடுத்து ஐயா சொல்லிக்கொடுத்த மழைப் பாட்டு. அதில் மூன்றாவது வரியில் எல்லோரும் நிறுத்தினார்கள், நீ நிறுத்தவில்லை. கனமாக, கொஞ்சம் தாமதமாக, தன்னந்தனியாக வந்தது உன் குரல். ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். நீ நிறுத்தாமல் முடித்துவிட்டுத்தான் வாயை மூடினாய். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இதை அன்றைக்கே உன்னிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு பொரி உருண்டை வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தேன். ஒரு தடவை பொய் சொன்னவன், உண்மையைச் சொன்னாலும் நம்புவாயோ என்ற தயக்கம். சொல்லியிருந்தால் நீ இன்று "எனக்குப் பாட்டு வராது" என்று சிரித்திருக்க மாட்டாய். ஐந்தாம் வகுப்போடு நீ பாடுவதை விட்டாய். பெரிய பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது பாப்பா விஷயம். அந்த வீடியோவை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். மராத்தி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்றும் தெரியாது. ஆனால் இரண்டாவது தடவை எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில், நான்காவது வரி முடிவில், மற்றக் குரல்கள் விட்ட பிறகு ஒரு குரல் அரை மூச்சு கூடுதலாக நிற்கிறது. அம்மாவிடம் காட்டினேன், அவளுக்குப் பிடிபடவில்லை. மாப்பிள்ளைக்கும் பிடிபடாது. நீ கேட்டுப் பார். அது அவள்தான். உன் குரல் கண்ணு அது.

அவளைச் சத்தம் குறைக்கச் சொன்ன டீச்சரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் போய்க் கேள். என்னை மாதிரி கேட் வரைக்கும் போய்த் திரும்பி வராதே. கொஞ்சம் சுருதி இறக்கி ஒரு தடவை பாட வைத்துப் பார்க்கச் சொல். வீட்டில் நீயும் அவளோடு பாடு. அவள் ஆரம்பிக்கட்டும், நீ அவளிடம் போ. "அம்மா மாதிரி உனக்கும் வராது" என்பதை மட்டும் அவள் காதுபடச் சொல்லாதே. விழா முடிந்து அவள் உன்னிடம் எதாவது கேட்டால், கேட்டதைக் கேட்டபடி சொல்.

அடுத்த மாதம் விழா என்றாயே, காட்பாடியில் ரயில் ஏறி நானும் அம்மாவும் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா இப்போதே இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்குச் சொல்லி வைத்திருக்கிறாள், வதங்காமல் எப்படிக் கொண்டுவருவது என்று அவளுக்கு ஒரே கவலை.

எனக்கு நாற்காலி எல்லாம் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் முன்னால் தரையில் உட்கார விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்.

அன்புடன்,
நைனா