கோட்டையில் உங்களைப் பார்க்க வருவது யார்?

காவிரி டெல்டாவின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கட்சி பார்த்து எழுதவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் உங்களுக்குத் தெரியும். பச்சைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர், மழையில் சாய்ந்து முளைவிட்ட சம்பாக் கதிரை மேசைமேல் வைப்பார். அடுத்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்புகிறார்கள், 22 ஆக்குங்கள் என்பார். பின்னால் நிற்பவர் "சீக்கிரம் முடிங்கண்ணே" என்பார். எல்லாம் நிருபர்கள் முன்னால். இதுவும் லாபிதான், அதாவது தனக்கு வேண்டியதை அரசிடம் பேசிக் கேட்பதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் என்ன கேட்டார் என்பது மறுநாள் பேப்பரில் வந்துவிடும்.

கம்பெனிக்காரர்கள் கேட்பது எந்தப் பேப்பரில் வருகிறது?

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளுக்கான 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் கேட்டுக்கொண்டதாக அரசே சொன்னது. எந்த நிறுவனம், எந்தத் தேதியில், என்ன எழுதிக் கொடுத்தது? அது மட்டும் வரவில்லை. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று மசோதா வாபஸ் ஆனது. அதே ஏப்ரல் 21இல், நீர்நிலைகள் உள்ள நிலத்தைப் பெரிய திட்டங்களுக்காக ஒருங்கிணைக்கும் சட்டமும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அது வாபஸ் ஆகவில்லை. வாய்க்காலை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களுக்கு எது வயிற்றைக் கலக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தடியிலிருந்து எரிவாயு எடுக்கும் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010, 2011லேயே கையெழுத்தாகிவிட்டது. ஊர் விழித்தது அப்புறம்தான். 2020இல், டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது இனிப்புக் கொடுத்தோம், சரி. ஆனால் திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளையும் அது தொடவில்லை. அந்த எல்லைக்கோட்டைப் போடும்போது யார் யார் வந்து பேசினார்கள்? தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாரும் வரவே இல்லை என்றாலும் அதையாவது எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் 1995இல் போட்ட சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு அரசிடம் பேசுகிறவர் பதிவு செய்தாக வேண்டும். யாருக்காக, எதைப் பற்றி என்று கணக்கும் காட்ட வேண்டும். அதனால் அங்கே பணத்தின் பேச்சு எடுபடாமல் போய்விடவில்லை. ஆனால் பெயர் தெரிகிறது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டி மறுக்க வழி இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. தொழில், வருவாய், வேளாண்மை, உணவு ஆகிய துறைகளின் அமைச்சர்களும் செயலாளர்களும் யாரைச் சந்தித்தார்கள், எதற்காக, என்ன மனு வாங்கினார்கள் என்று மாதம் ஒரு பட்டியல் துறை இணையதளத்தில் வரட்டும். அரிசி ஆலை அதிபர்கள், உரக்கடைக்காரர்கள், மணல் ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் அதில் வரட்டும். எங்கள் விவசாய சங்கத் தலைவர்களையும் விடாதீர்கள். கூட்டத்தில் ஒன்று பேசிவிட்டுக் கோட்டையில் வேறொன்று பேசுகிறவர்கள் எங்களிலும் உண்டு.

உங்களில் ஒருவர் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். முடியாது என்றால், அடுத்த கூட்டத்தொடரில் ஒரு கேள்வியாவது போடுங்கள். பதிலை எங்கள் குறைதீர் கூட்டத்தில் நாங்களே மைக்கில் வாசித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட விவசாயி ஒருவர்